புதிய எஸ்எஸ்டிக்கு மாறிய பிறகு பழைய விண்டோஸை நீக்கும் முறை

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியதையொட்டி, வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் பலர் தங்கள் கணினியில் ஹார்டு டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பு டிரைவான எஸ்எஸ்டி ஒன்றைப் புதிதாகப் பொருத்தி, அதில் விண்டோஸ் 11ஐ நிறுவிக்கொண்டார்கள். பழைய ஹார்டு டிஸ்க்கில் கோப்புகள் இருப்பதால் அதைக் கழற்றாமல் விட்டுவைத்தார்கள். இப்போது கணினியை இயக்கும் ஒவ்வொரு முறையும் நீலத் திரை ஒன்று தோன்றி எந்த விண்டோஸ் வேண்டும் என்று கேட்கிறது. ஹார்டு டிஸ்க்கிலோ இனித் தேவைப்படாத விண்டோஸும் அதன் நிரல்களும் கணிசமான இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன.

பழையதை அழிக்கச் சில நிமிடங்களே போதும். ஆனால் அவசரப்பட்டு அந்த டிரைவின் எல்லாப் பார்ட்டிஷன்களையும் (டிரைவைப் பிரித்து அமைத்த பகுதிகளை) அழித்தவர்களும், அதைக் கழற்றி வேறொருவருக்குக் கொடுத்தவர்களும், மறுநாள் கணினியை இயக்கும்போது துவக்கச் சாதனம் எதுவும் இல்லை என்ற செய்தியைக் கறுப்புத் திரையில் பார்க்க நேர்கிறது. புதிய எஸ்எஸ்டியில் விண்டோஸ் ஒரு கோப்பும் கெடாமல் முழுமையாகவே இருக்கும். அதைத் தொடங்கிவைக்கும் சிறு நிரல் மட்டும் பழைய டிரைவில் இருந்து, அதோடு போயிருக்கும். ஆகவே இந்த வேலையில் பெரும்பகுதி அழிப்பதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். எஸ்எஸ்டி தனியாக நின்று கணினியைத் தொடங்கும் என்று கண்ணால் கண்டு உறுதிசெய்த பிறகே பழைய டிரைவில் கை வைக்க வேண்டும்.

துவக்கக் கோப்புகள் ஏன் பழைய டிரைவில் இருக்கின்றன

இன்றைய கணினிகள் யூஇஎஃப்ஐ எனப்படும், மதர்போர்டில் பதிந்துள்ள துவக்க மென்பொருளின் முறையில் தொடங்குகின்றன. அந்த முறையில், இயக்க ஆணை கிடைத்ததும் மதர்போர்டு முதலில் தேடுவது விண்டோஸ் கோப்புறையை அல்ல. இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் எனப்படும், பெரும்பாலும் 100 எம்பி அளவுள்ள, ஃபேட்32 வடிவில் அமைந்த ஒரு சிறு பகுதியைத்தான். விண்டோஸின் துவக்க நிரலும், எந்தெந்த டிரைவில் எந்தெந்த விண்டோஸ் இருக்கிறது என்ற பட்டியலும் அங்கேதான் உள்ளன. அந்தப் பகுதிக்கு டிரைவ் எழுத்து எதுவும் கொடுக்கப்படாததால், ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் அது கண்ணில் படுவதே இல்லை.

பழைய ஹார்டு டிஸ்க் இணைப்பில் இருக்கும்போதே எஸ்எஸ்டியில் விண்டோஸை நிறுவினால், நிறுவல் நிரல் ஏற்கனவே ஓர் இஎஃப்ஐ பார்ட்டிஷன் இருப்பதைக் கண்டு, புதிதாக ஒன்றை உருவாக்காமல் தன் துவக்கக் கோப்புகளையும் பழைய டிரைவிலேயே வைத்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது. அப்போது புதிய விண்டோஸின் உடல் எஸ்எஸ்டியிலும் தொடக்கம் ஹார்டு டிஸ்க்கிலும் இருக்கும். அன்றாடப் பயன்பாட்டில் இதனால் எந்தத் தொந்தரவும் இல்லாததால் யாருக்கும் இது தெரியவருவதில்லை.

பழைய டிரைவைக் கழற்றிவிட்டு நிறுவியவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. பழையதை அப்படியே எஸ்எஸ்டிக்கு நகலெடுத்தவர்களின் நிலை சற்று வேறானது. நகலெடுக்கும்போது இஎஃப்ஐ பார்ட்டிஷனும் சேர்ந்தே வருவதால், இரண்டு டிரைவுகளும் தனித்தனியே துவக்கத் தகுதி பெற்றவையாக இருக்கும். அவர்கள் கவனிக்க வேண்டியது, இப்போது ஓடிக்கொண்டிருப்பது எந்த டிரைவில் உள்ள விண்டோஸ் என்பதையே. இரண்டும் ஒரே முகப்பையும் ஒரே கோப்புகளையும் காட்டுவதால் பழையதிலேயே வாரக்கணக்கில் வேலை செய்துகொண்டிருக்கவும் கூடும்.

தற்போதைய நிலையைப் பார்த்துக்கொள்ளுதல்

விண்டோஸ் விசையையும் எக்ஸ் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வரும் பட்டியலில் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறக்கவும். திரையின் கீழ்ப்பாதியில் ஒவ்வொரு டிரைவும் ஒரு வரிசையாகவும், அதன் பார்ட்டிஷன்கள் கட்டங்களாகவும் தெரியும். பூட் என்ற சொல் எழுதப்பட்ட கட்டம் எந்த வரிசையில் இருக்கிறதோ, அந்த டிரைவில் உள்ள விண்டோஸ்தான் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கே பூட் என்பது இயங்கிக்கொண்டிருக்கும் விண்டோஸைக் குறிக்கிறதே தவிர, துவக்கக் கோப்புகள் இருக்கும் இடத்தைக் குறிக்கவில்லை. அந்த இடத்துக்கு மைக்ரோசாஃப்ட் சூட்டியிருக்கும் பெயர் சிஸ்டம். இந்தப் பெயர்களை மாற்றிப் புரிந்துகொண்டு, பூட் என்ற எழுத்து எஸ்எஸ்டியில் இருப்பதைப் பார்த்ததும் எல்லாம் சரியாக இருக்கிறது என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

எஸ்எஸ்டியின் வரிசையில் இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் என்ற சிறு கட்டம் இருக்கிறதா என்று அடுத்துப் பாருங்கள். அது இல்லை, ஹார்டு டிஸ்க்கில் மட்டும் இருக்கிறது என்றால் கணினி பழைய டிரைவின் தயவில்தான் தொடங்குகிறது. இரண்டிலும் இருந்தால் இன்னும் ஒரு படி போக வேண்டும். நிர்வாகி உரிமையுடன் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, டிஸ்க்பார்ட் என்று கொடுத்து, அதனுள் லிஸ்ட் வால்யூம் என்று கொடுக்கவும். கடைசிப் பத்தியில் சிஸ்டம் என்று குறிக்கப்பட்டுள்ள வால்யூமின் எண்ணைக் குறித்துக்கொண்டு, செலக்ட் வால்யூம் என்பதோடு அந்த எண்ணைச் சேர்த்துக் கொடுத்து, பிறகு டீடெய்ல் வால்யூம் என்று கேட்டால், அது எந்த டிஸ்க்கில் உள்ளது என்று திரை சொல்லிவிடும். கட்டளைகளை இங்கே ஒலிப்புப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். திரையில் அவற்றை ஆங்கில எழுத்துகளிலேயே தட்டச்சு செய்ய வேண்டும்.

டிஸ்க் 0, டிஸ்க் 1 என்ற எண்களை நம்பி நினைவில் வைத்துக்கொள்ள வேண்டாம். கணினி மறுபடி தொடங்கும்போது இந்த எண்கள் இடம் மாறலாம். டிரைவின் கொள்ளளவையும், டீடெய்ல் டிஸ்க் கட்டளை காட்டும் மாடல் பெயரையும் ஒவ்வொரு முறையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே பாதுகாப்பானது.

நகலெடுத்து மாறியவர்கள் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ஒரு டிரைவ் ஆஃப்லைன் என்று இருப்பதைக் காண நேரலாம். மூலத்துக்கும் நகலுக்கும் ஒரே அடையாளக் குறியீடு இருந்தால் விண்டோஸ் இரண்டில் ஒன்றை ஒதுக்கிவைத்துவிடும். அதை உடனே ஆன்லைனுக்குக் கொண்டுவர வேண்டாம்; அப்படிச் செய்தால் அந்த டிரைவின் குறியீட்டை விண்டோஸ் மாற்றி எழுதிவிடுவதால், பிறகு அது தானாகத் தொடங்க மறுக்கக்கூடும். எது மூலம், எது நகல் என்று உறுதியாகத் தெரிந்த பின் அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

பிட்லாக்கர் சாவி

துவக்க வரிசையை மாற்றினாலோ டிரைவைக் கழற்றினாலோ, டிரைவில் உள்ளவற்றைக் குறியாக்கம் செய்து பூட்டிவைக்கும் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் வசதி இயக்கத்தில் உள்ள கணினி 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு விண்டோஸ் 11ஐப் புதிதாக நிறுவிய பல கணினிகளில் உரிமையாளர் அறியாமலேயே இந்தக் குறியாக்கம் இயங்கிக்கொண்டிருக்கிறது. கணக்கின் இணையப் பக்கத்தில் சாவி சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, அதைத் தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேலை முடியும்வரை பிட்லாக்கர் பாதுகாப்பைத் தற்காலிகமாக நிறுத்திவையுங்கள். பழைய டிரைவும் குறியாக்கம் செய்யப்பட்டதாக இருந்தால் அதற்குத் தனியாக இன்னொரு சாவி இருக்கும். அது கையில் இல்லாவிட்டால் புதிய விண்டோஸிலிருந்து பழைய கோப்புகளைத் திறக்கவே முடியாது.

கழற்றிப் பார்த்தல்

எந்தத் திரை என்ன சொன்னாலும், பழைய டிரைவைக் கழற்றிவிட்டுக் கணினியை இயக்கிப் பார்ப்பதற்கு இணையான சான்று வேறில்லை. கணினியை நிறுத்தும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுக்கவும். சாதாரணமாக ஷட் டவுன் கொடுத்தால், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி காரணமாக விண்டோஸ் முழுமையாக நிற்பதில்லை. அந்த நிலையில் டிரைவுகளைக் கழற்றி மாட்டுவது கோப்பு அமைப்புக்கு நல்லதல்ல. பிறகு மின்னிணைப்பைத் துண்டித்து, கேபினெட்டின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலின் நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு, ஹார்டு டிஸ்க்கிலிருந்து சாட்டா கேபிளை எடுக்கவும். கேபிளின் கம்பியை இழுக்காமல், முனையில் உள்ள பிளாஸ்டிக் தலைப்பைப் பிடித்து, அதில் உலோகக் கொக்கி இருந்தால் அதை அழுத்தியபடி நேராக வெளியே எடுக்க வேண்டும். லேப்டாப்பைத் திறக்கத் தயங்குபவர்கள், பயாஸ் திரையில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் மதர்போர்டின் அமைப்புத் திரையில்) அந்தச் சாட்டா போர்ட்டை அணைத்துவைக்கும் வசதி இருக்கிறதா என்று பார்க்கலாம்.

இப்போது கணினியை இயக்குங்கள். விண்டோஸ் வழக்கம்போல் திறந்தால் எஸ்எஸ்டி தன்னிறைவு பெற்றுவிட்டது என்று பொருள். ஆனாலும் உடனே அழிக்கப் போக வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. ஒரு வாரமாவது பழைய டிரைவ் இல்லாமலேயே வழக்கமான வேலைகளைச் செய்துபாருங்கள். கணக்கு மென்பொருளின் தரவு, பிரிண்டர் ஸ்கேன் செய்து போடும் கோப்புறை, எங்கோ ஒரு குறுக்குவழி சுட்டும் படத்தொகுப்பு என்று பழைய டிரைவை இன்னும் நம்பியிருப்பவை எல்லாம் அந்த வாரத்தில் ஒவ்வொன்றாகப் பிழைச்செய்தியோடு வெளியே வரும்.

எஸ்எஸ்டி தனியாகத் தொடங்காவிட்டால்

கறுப்புத் திரை வந்தால் பயப்படத் தேவையில்லை. கணினியை நிறுத்திப் பழைய டிரைவை மறுபடி இணைத்தால் எல்லாம் முன்போல் தொடங்கிவிடும். எஸ்எஸ்டியில் விண்டோஸை நிறுவிச் சில நாட்களே ஆகின்றன, பெரிதாக எதுவும் நிறுவவில்லை என்றால், பழைய டிரைவைக் கழற்றிய நிலையிலேயே விண்டோஸை எஸ்எஸ்டியில் புதிதாக நிறுவிவிடுவதே எளிய தீர்வு. எஸ்எஸ்டியில் ஏற்கனவே வேலைகள் நிலைபெற்றிருந்தால், துவக்கப் பகுதியை அதிலேயே உருவாக்கிக்கொள்ளலாம். அதற்கு முன் முக்கியக் கோப்புகளை வெளி டிரைவ் ஒன்றுக்கு நகலெடுத்துவிடுங்கள்.

பழைய டிரைவை இணைத்து, எஸ்எஸ்டியில் உள்ள விண்டோஸில் நுழைந்து, நிர்வாகி உரிமையுள்ள கமாண்ட் பிராம்ப்ட்டில் டிஸ்க்பார்ட்டைத் தொடங்கவும். முதலில் லிஸ்ட் டிஸ்க் என்று கொடுத்து, எஸ்எஸ்டிக்கு நேரே ஜிபிடி (யூஇஎஃப்ஐக்கு ஏற்ற புதிய பார்ட்டிஷன் அட்டவணை முறை) பத்தியில் நட்சத்திரக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மேற்கொண்டு செல்லலாம். செலக்ட் டிஸ்க் என்பதோடு எஸ்எஸ்டியின் எண்ணைக் கொடுத்து, டீடெய்ல் டிஸ்க் மூலம் மாடல் பெயரைச் சரிபார்த்துக்கொண்டு, கீழ்க்கண்ட வரிசையில் போகவும்.

1. செலக்ட் வால்யூம் சி
2. ஷ்ரிங்க் டிசையர்ட்=300
3. கிரியேட் பார்ட்டிஷன் இஎஃப்ஐ சைஸ்=260
4. ஃபார்மட் குயிக் எஃப்எஸ்=ஃபேட்32 லேபிள்=சிஸ்டம்
5. அசைன் லெட்டர்=எஸ்
6. எக்ஸிட்

சி பார்ட்டிஷனிலிருந்து 300 எம்பியை விடுவித்து, அந்த இடத்தில் 260 எம்பிக்குப் புதிய இஎஃப்ஐ பார்ட்டிஷன் ஒன்றை உருவாக்கி, அதற்குத் தற்காலிகமாக எஸ் என்ற எழுத்தைத் தந்திருக்கிறோம். 512 பைட் செக்டார் உள்ள டிரைவுக்கு 100 எம்பியே போதும். 4 கேபி செக்டார் உள்ள டிரைவுக்கு 260 தேவைப்படும் என்பதால் அந்த அளவை வைத்துக்கொள்வது எல்லா டிரைவுக்கும் பொருந்தும். இந்தப் பகுதி டிரைவின் தொடக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. டிஸ்க்பார்ட்டை விட்டு வெளியே வந்ததும் கொடுக்க வேண்டிய கட்டளை இது:

பிசிடிபூட் சி:\விண்டோஸ் /எஸ் எஸ்: /எஃப் யூஇஎஃப்ஐ

பூட் கான்ஃபிகரேஷன் டேட்டா என்பதன் முதலெழுத்துகளோடு பூட் என்பதைச் சேர்த்தால் வருவது கட்டளையின் பெயர். துவக்கக் கோப்புகள் உருவாக்கப்பட்டுவிட்டன என்ற ஒற்றை வரிச் செய்தி வந்தால் வேலை முடிந்தது. இப்போது பழைய டிரைவைக் கழற்றி மறுபடி சோதிக்க வேண்டும். பயாஸின் துவக்கப் பட்டியலில் விண்டோஸ் பூட் மேனேஜர் என்ற பெயருக்குப் பதிலாக எஸ்எஸ்டியின் மாடல் பெயரே தோன்றினால் அதையே தேர்ந்தெடுங்கள். மேற்கண்ட கட்டளை அந்தப் பட்டியலில் புதிய பெயரைப் பதிவதில்லை, மதர்போர்டு தானாகத் தேடிக் கண்டுகொள்ளும் இடத்தில் நிரலை வைக்கிறது. துவக்கப் பட்டியலை வரவழைக்கும் விசை டெல், லெனோவோ கணினிகளில் பொதுவாக எஃப்12, எச்பியில் எஃப்9, எம்எஸ்ஐ, ஏஎஸ்ராக் மதர்போர்டுகளில் எஃப்11, ஏசஸ் மதர்போர்டுகளில் எஃப்8.

லிஸ்ட் டிஸ்க்கில் எஸ்எஸ்டிக்கு நேரே நட்சத்திரக் குறி இல்லாவிட்டால் அது பழைய எம்பிஆர் முறையில் உள்ளது. அந்த முறையில் இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கு வேலையில்லை. எஸ்எஸ்டியில் உள்ள விண்டோஸ் பார்ட்டிஷனை டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ஆக்டிவ் என்று குறித்துவிட்டு, பிசிடிபூட் கட்டளையில் எஸ்: இருந்த இடத்தில் சி: என்றும், யூஇஎஃப்ஐ இருந்த இடத்தில் பயாஸ் என்றும் கொடுத்தால் போதும்.

மீட்புச் சூழலும் பேஜ் ஃபைலும்

துவக்கம் சரியானதும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். விண்டோஸ் பழுதடையும்போது தானாகத் திறக்கும் மீட்புச் சூழலும் பழைய டிரைவின் ரெக்கவரி பார்ட்டிஷனில் இருந்துவிடக்கூடும். பழைய டிரைவ் இணைப்பில் இருக்கும்போது, கமாண்ட் பிராம்ப்ட்டில் ரீஏஜென்ட்சி (reagentc) /இன்ஃபோ என்று கேட்டால், அது எந்த ஹார்டு டிஸ்க் எண்ணில் எந்தப் பார்ட்டிஷனில் இருக்கிறது என்று காட்டும். அது பழைய டிரைவைச் சுட்டினால், அங்கேயே ரீஏஜென்ட்சி /டிஸேபிள் கொடுக்கவும். மீட்புச் சூழலின் கோப்பு விண்டோஸ் கோப்புறைக்குத் திரும்பிவிடும். பிறகு பழைய டிரைவைக் கழற்றிய நிலையில் ரீஏஜென்ட்சி /எனேபிள் கொடுத்தால் எஸ்எஸ்டியிலேயே அது இடம்பிடித்துக்கொள்ளும். பேஜ் ஃபைல் (நினைவகம் போதாதபோது விண்டோஸ் டிரைவில் பயன்படுத்தும் கோப்பு) என்ற சொல் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பழைய டிரைவின் கட்டத்தில் தெரிந்தால், சிஸ்டம் பிராப்பர்ட்டீஸில் விர்ச்சுவல் மெமரி அமைப்பைத் திறந்து அதைச் சி டிரைவுக்கு மாற்றிவிட வேண்டும்.

பழைய விண்டோஸிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை

டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் ஆகியவற்றை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். மறந்துபோவது யூசர்ஸ் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் ஆப்டேட்டாவும், சி டிரைவின் வேரிலேயே தன் தரவை வைத்துக்கொள்ளும் பழைய மென்பொருள்களும்தான். அவுட்லுக்கின் மின்னஞ்சல்கள் சேமிக்கப்படும் பிஎஸ்டி கோப்பு, கணக்கு மென்பொருளான டாலியின் தரவுக் கோப்புறை ஆகியவற்றைத் தேடிப் பாருங்கள். ஒன்டிரைவ் கோப்புறையில் தெரியும் கோப்புகள் சில வெறும் பெயர்களாக மட்டும் இருந்து, உள்ளடக்கம் இணையத்தில் இருக்கலாம். அவற்றை நகலெடுக்க முயல்வதைவிடப் புதிய விண்டோஸில் அதே கணக்கில் நுழைந்து பெற்றுக்கொள்வது நல்லது.

தமிழில் வெகுகாலமாகத் தட்டச்சு செய்துவருபவர்களுக்கு எழுத்துருக்கள் தனிக் கவலை. யூனிகோடுக்கு முந்தைய பாமினி போன்ற எழுத்துருக்களில் உருவான கோப்புகள், அந்த எழுத்துரு நிறுவப்படாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துகளாகவே தெரியும். பாமினியில் அடித்த தமிழ் என்ற சொல், எழுத்துரு இல்லாத இடத்தில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து குறிகளாக நிற்கும். அச்சகங்களிலும் பள்ளி அலுவலகங்களிலும் இருக்கும் பழைய வினாத்தாள்கள், அழைப்பிதழ்கள், மலர்கள் பலவும் இப்படிப்பட்டவையே. எனவே பழைய டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள ஃபான்ட்ஸ் கோப்புறையை முழுவதுமாக ஓரிடத்தில் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள். நிர்வாகி உரிமை இல்லாமல் ஒரு பயனருக்கு மட்டும் நிறுவிய எழுத்துருக்கள் அங்கே இருக்காது. ஆப்டேட்டாவுக்குள் லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்று உள்ளே போய் அவற்றை எடுக்க வேண்டும்.

சிலவற்றை நகலெடுப்பதால் பயனில்லை. பழைய விண்டோஸைக் கடைசியாக ஒருமுறை இயக்கி, அதனுள்ளிருந்தே செய்ய வேண்டும். உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள் அந்த விண்டோஸின் பயனர் கணக்கோடு பிணைத்துக் குறியாக்கம் செய்யப்பட்டிருப்பதால், சுயவிவரக் கோப்புறையை மட்டும் எடுத்துவந்தால் அவை திறக்காது. அவற்றை உலாவியிலிருந்தே ஏற்றுமதி செய்யவும் அல்லது கணக்கோடு ஒத்திசைத்துவிடவும். விலை கொடுத்து வாங்கிய மென்பொருள்கள் சில, குறிப்பிட்ட எண்ணிக்கையிலான நிறுவல்களுக்கே உரிமம் தருகின்றன. அவற்றில் பழைய நிறுவலைச் செயலிழக்கச் செய்யும் வசதியைப் பயன்படுத்துங்கள். டாலியில் உரிமத்தைத் திருப்பி ஒப்படைக்கும் வசதி இதற்காகவே உள்ளது. விண்டோஸின் சொந்த டிஜிட்டல் உரிமம் மதர்போர்டோடு சேர்ந்து பதிவாகியிருப்பதால், டிரைவை மாற்றுவதாலோ பழையதை அழிப்பதாலோ அது போய்விடாது.

அழித்தல்

பழைய டிரைவில் வேண்டியது எதுவும் மிச்சமில்லை என்றால் முழு டிரைவையும் துடைப்பதே சிறந்தது. டிஸ்க்பார்ட்டில் லிஸ்ட் டிஸ்க், செலக்ட் டிஸ்க், டீடெய்ல் டிஸ்க் என்று வரிசையாகக் கொடுத்து, திரையில் தெரியும் மாடல் பெயர் பழைய டிரைவினுடையதுதான் என்று வாய்விட்டுப் படித்து உறுதிசெய்த பிறகு, கிளீன் என்று கொடுக்கவும். கேள்வி எதுவும் கேட்காமல் ஒரு நொடியில் பார்ட்டிஷன் அட்டவணை முழுவதும் போய்விடும். ஆகவே இந்தக் கட்டளைக்கு முன் மற்ற வெளி டிரைவுகளையும் பென் டிரைவுகளையும் கழற்றிவைப்பது நல்லது. பிறகு டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அந்த டிரைவை ஜிபிடி முறையில் தொடங்கி, நியூ சிம்பிள் வால்யூம் மூலம் என்டிஎஃப்எஸ் வடிவில் அமைத்துக்கொள்ளலாம். பழைய ஹார்டு டிஸ்க்கைத் தொடர்ந்து பயன்படுத்துவதாக இருந்தால் குயிக் ஃபார்மட் வேண்டாம். முழு ஃபார்மட் பல மணி நேரம் எடுத்தாலும் ஒவ்வொரு செக்டாரையும் தொட்டுப் பார்ப்பதால், டிரைவின் உடல்நிலை அப்போதே தெரிந்துவிடும்.

டிரைவை விற்கவோ கொடுக்கவோ போகிறீர்கள் என்றால் கிளீன் போதாது. அது அட்டவணையை மட்டும் அழிக்கிறது. கோப்புகள் அடியில் அப்படியே இருக்கும். ஹார்டு டிஸ்க்குக்குக் கிளீன் ஆல் கொடுத்தால் எல்லாச் செக்டார்களிலும் பூஜ்ஜியம் எழுதப்படும். பழையதும் எஸ்எஸ்டியாக இருந்தால் அதன் தயாரிப்பாளர் தரும் மென்பொருளில் உள்ள செக்யூர் இரேஸ் வசதியே சரியான வழி.

ஒரே டிரைவில் பழைய விண்டோஸ் ஒரு பார்ட்டிஷனிலும் உங்கள் தரவு இன்னொரு பார்ட்டிஷனிலும் இருந்தால், விண்டோஸ் பார்ட்டிஷனை மட்டும் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் வலது கிளிக் செய்து டெலீட் வால்யூம் கொடுக்கலாம். இஎஃப்ஐ பார்ட்டிஷனையும் ரெக்கவரி பார்ட்டிஷனையும் அந்தத் திரை அழிக்க விடாது. டிஸ்க்பார்ட்டில் அவற்றைத் தேர்ந்தெடுத்து டெலீட் பார்ட்டிஷன் ஓவர்ரைடு என்று கொடுக்க வேண்டும். இப்படி விடுபட்ட இடம் உங்கள் தரவுப் பார்ட்டிஷனுக்கு இடப்பக்கத்தில் இருந்தால், எக்ஸ்டெண்ட் வால்யூம் அதைச் சேர்த்துக்கொள்ளாது. விண்டோஸின் அந்த வசதி வலப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் காலியிடத்தை மட்டுமே இணைக்கும். அந்த இடத்தைத் தனிப் பார்ட்டிஷனாக வைத்துக்கொள்ளலாம். இல்லையேல் தரவை வெளியே எடுத்துவிட்டு டிரைவை முழுவதுமாகத் துடைத்துப் புதிதாக அமைக்கலாம். இரண்டாவதையே நான் பரிந்துரைப்பேன்.

விண்டோஸும் தரவும் ஒரே பார்ட்டிஷனில் கலந்திருக்கும்போது, விண்டோஸ், புரோகிராம் ஃபைல்ஸ் போன்ற கோப்புறைகளை மட்டும் கையால் அழித்துவிடலாம் என்று தோன்றும். அது வேண்டாம். அந்தக் கோப்புகளுக்கு உரிமையாளர் டிரஸ்டட் இன்ஸ்டாலர் என்பதால், டெலீட் கொடுத்ததும் அனுமதி மறுக்கப்படும்; உரிமையை மாற்றும் கட்டளைகளை டிரைவ் முழுவதும் ஓட்டச் சொல்லும் ஆலோசனைகள் அதைவிட ஆபத்தானவை. பழைய டிரைவின் வேரில் டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ் என்று ஓர் இணைப்பு மறைந்திருக்கும். அது உண்மையில் கோப்புறை அல்ல. சி டிரைவின் யூசர்ஸ் கோப்புறையைச் சுட்டும் குறி மட்டுமே. பழைய விண்டோஸ் ஓடியபோது சி என்பது பழைய டிரைவ். இப்போது சி என்பது உங்கள் எஸ்எஸ்டி. இணைப்பைப் பின்தொடர்ந்து செல்லும் கட்டளை எதையாவது ஓட்டினால், அது பழைய டிரைவைச் சுத்தம் செய்வதாகச் சொல்லிக்கொண்டு உங்கள் புதிய பயனர் கோப்புறைக்குள் நுழைந்துவிடும் வாய்ப்பு உண்டு. தரவை வேறிடத்துக்கு நகலெடுத்து, திறந்து பார்த்துச் சரிபார்த்து, பிறகு பார்ட்டிஷனை ஃபார்மட் செய்வதே நேரான வழி. டிஸ்க் கிளீன்அப் காட்டும் முந்தைய விண்டோஸ் நிறுவல்கள் என்ற தெரிவு இதற்கு உதவாது. அதே டிரைவில் மேம்படுத்தும்போது உருவாகி, வழக்கமாகப் பத்து நாட்களில் தானாக நீங்கிவிடும் விண்டோஸ்.ஓல்ட் கோப்புறைக்கு உரியது அது.

பட்டியலில் மிஞ்சும் பெயர்

டிரைவைத் துடைத்த பிறகும் தொடக்கத்தில் வரும் நீலத் திரை பழைய விண்டோஸின் பெயரைக் காட்டிக்கொண்டிருக்கலாம், ஏனெனில் அந்தப் பட்டியல் இப்போது எஸ்எஸ்டியின் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் இருக்கிறது. விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, எம்எஸ்கான்ஃபிக் என்று கொடுத்துப் பூட் தாவலைத் திறக்கவும். கரண்ட் ஓஎஸ் என்ற குறிப்பு எந்த வரியில் இருக்கிறதோ, அதுதான் இப்போது ஓடுவது. அதை விட்டுவிட்டு மற்ற வரியைத் தேர்ந்தெடுத்து டெலீட் கொடுத்து, அப்ளை செய்யவும். ஒரே பெயர் மிஞ்சியதும் தேர்வுத் திரை வருவதே நின்றுவிடும்.

பயாஸின் துவக்க வரிசையில் எஸ்எஸ்டியை முதலிடத்துக்குக் கொண்டுவாருங்கள். பழைய டிரைவுக்குரிய விண்டோஸ் பூட் மேனேஜர் பதிவு அங்கே மிஞ்சியிருந்தால், பல மதர்போர்டுகள் டிரைவ் இல்லாததைக் கண்டு தாமாகவே நீக்கிவிடும்; நீக்காவிட்டாலும் வரிசையில் கீழே கிடப்பதால் கெடுதல் ஒன்றும் இல்லை. கடைசியாக, நிறுத்திவைத்த பிட்லாக்கர் பாதுகாப்பை மறுபடி இயக்கிவிட்டு, கணினியை ஒருமுறை முழுமையாக நிறுத்தித் தொடங்கி, சாவி கேட்காமல் நேராக விண்டோஸுக்குள் செல்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும்.